பெட்டிக்குள் வரும் போத்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)





பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவனை இம்மேடையில் ஏற்றி, "வெளிநாடு சென்று திரும்புவோரும் நம் சமூகமும்" என்ற பொருளில் பேசும்படி விழாக் குழுவினர் பணித்திருக்கிறார்கள். பொருளோ பெரிது, எனக்குத் தந்த நேரமோ சிறிது. ஆதலால் அப்பெரும் பொருளுக்குள் அடங்கிய ஒரு சிறு பொருளை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருவோரின் பெட்டிக்குள், உடுப்புகளுக்கு நடுவே சுற்றப்பட்டு வருகின்ற மதுப் போத்தலே அது.

முன் வரிசையில் சிலர் சிரிப்பதைக் காண்கிறேன். சிரிக்கத்தக்க விஷயந்தான். ஆயினும் சிரித்துவிட்டுச் சற்றே சிந்திக்கவும் வேண்டிய விஷயம்.

நம் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று எப்பக்கம் போனாலும், கொழுந்து பறித்தும் இறப்பர்ப் பால் வெட்டியும் வாழ்ந்த லயங்களிலிருந்து யாராவது ஒருவர் கடல் கடந்து போயிருப்பதைக் காணலாம். 2022 ஆம் ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, அந்த ஒரே வருடத்தில் இலங்கையிலிருந்து 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்துகொண்டு தொழிலுக்காக வெளிநாடு சென்றார்கள். அவர்களுள் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் அனுப்பிய பணத்தில் கூரைத் தகரம் மாறியது. தம்பி தங்கையர் படித்தார்கள். அடகு வைத்த நகை மீண்டது. இவற்றை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

அப்படிப் போனவர் விடுமுறையில் திரும்புகிறார் என்று செய்தி வந்ததும் லயத்தில் எழுகின்ற முதற் கேள்வி என்ன? "உடம்பு சுகமா?" என்பதா? "கடன் தீர்ந்ததா?" என்பதா? தாய்மார் அவ்வாறு கேட்பார்கள். ஆண்களாகிய நாம் கேட்பது வேறு. "எத்தனை போத்தல் வருகிறது?" என்பதே நம் கேள்வி!

தூரதேசம் போய் வருகிறவர் கைந்நிறையக் கொண்டுவருவது நமக்குப் புதிய வழக்கமன்று. 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை, நம் பாட்டன் பாட்டிமார் அவ்வழியாகவே ஊருக்குப் போய் வந்தார்கள். திரும்பும்போது கோயில் திருநீறு, குங்குமம், கருப்பட்டி, ஒரு பித்தளைச் செம்பு, பிள்ளைகளுக்கு ஒரு துணி என்று மூட்டை கட்டி வந்தார்கள். அந்த மூட்டையை அவிழ்க்கும்போது லயத்துப் பிள்ளைகளெல்லாம் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வருகிறவர் கொடுப்பதும் இருக்கிறவர் பெறுவதும் அன்பின் அடையாளம். அதில் குற்றமில்லை. மூட்டை பெட்டியானபோது, திருநீறு இருந்த இடத்தில் போத்தல் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதே நாம் ஆராய வேண்டியது.

வரியில்லாக் கடை என்ற ஒன்று உலகத்தில் தோன்றியது 1947 ஆம் ஆண்டில். அயர்லாந்து தேசத்து ஷனன் விமான நிலையத்தில் அதை முதன்முதல் திறந்தார்கள். ஒரு நாட்டை விட்டுப் போகிறவன் வாங்கும் பண்டம் அந்நாட்டில் செலவாவதில்லை. ஆகவே அந்நாட்டின் வரி அதற்கு வேண்டியதில்லை என்பது அதன் நியாயம். உள்நாட்டில் மதுவின் மேல் வரி பெரிதாக இருப்பதால் வரியில்லாத போத்தல் மலிவாகத் தோன்றுகிறது. மலிவாகக் கிடைப்பதை வாங்காமல் வருபவன் ஏமாளி என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. நம் கட்டுநாயக்காவில் வந்திறங்குவோருக்கும் அத்தகைய கடைகள் இருக்கின்றன.

நிற்க. இங்கே இருக்கும் இளைஞருள் சிலர் நாளை வெளிநாடு செல்லக்கூடும். ஆதலால் நன்மை தீமை பேசுமுன், இந்தப் போத்தலைச் சுற்றியுள்ள விதிகளைச் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் அகப்பட்டுக்கொள்வதிலும் தெரிந்து விலகுவது நல்லது.

முதலாவது, விமானத்தின் விதி. 2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளைக் கொண்டு விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று இலண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்னரே, கையில் கொண்டுபோகும் பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவப் பாத்திரம் கூடாதென்ற கட்டுப்பாடு உலகெங்கும் பரவியது. விமான நிலையக் கடையில் வாங்கி, முத்திரையிட்ட பையில், பற்றுச்சீட்டோடு உள்ள போத்தலுக்கு மட்டுமே பெரும்பாலும் விலக்குண்டு. இடையில் வேறு விமானம் மாறும்போது அந்தப் பை திறந்திருந்தால் பறிபோய்விடும். ஆகவேதான் வெளியே வாங்கிய போத்தல்கள் விமானத்தின் அடியில் ஏற்றும் பெட்டிக்குள் போகின்றன.

அதற்கும் எல்லையுண்டு. நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் மதுசாரம் உள்ளதை எந்தப் பெட்டியிலும் ஏற்றக் கூடாது. நூற்றுக்கு 24 பங்குக்கு மேல் 70 வரை உள்ளதாயின், கடையில் விற்ற போத்தலிலேயே, ஆளொருவருக்கு மொத்தம் 5 லீற்றர் வரைதான். விஸ்கி, பிராந்தி, சாராயம் எல்லாம் இந்த வகுப்பைச் சேர்ந்தவை. காரணம் ஒழுக்கமன்று, நெருப்பு. நூற்றுக்கு 40 பங்கு மதுசாரமுள்ள பானம் ஏறக்குறைய 26 பாகை வெப்பத்திலேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடுகிறது. நம் இரத்தினபுரியின் காலை வெயிலே அந்த வெப்பத்தைத் தாண்டிவிடும். மூடியைத் திருகிப் பழைய பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதைக் கேளாதீர்கள்.

வானத்தில் போத்தல் வெடித்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியன்று. பயணிகள் விமானத்தின் கீழறையிலும் மேலறையிலும் அமுக்கம் ஒன்றே. அது நுவரெலியாவுக்கும் பீதுருதலாகலை உச்சிக்கும் இடைப்பட்ட ஓர் உயரத்தில் நாம் நிற்பது போன்றதுதான். முத்திரை உடையாத போத்தல் அதைத் தாங்கும். போத்தலை உடைப்பது வானமன்று. பெட்டிகளைத் தூக்கி எறியும் வேகமே.

இரண்டாவது, போகும் நாட்டின் விதி. சவுதி அரேபியா 1952 இல் மதுவைத் தடைசெய்தது. குவைத் 1964 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்தது. கட்டாருக்குள்ளும் பயணி மது கொண்டு செல்லக் கூடாது. ஐக்கிய அரபு இராச்சியத்துள் டுபாயில் விற்பனை உண்டு; அதை அடுத்துள்ள சார்ஜாவில் தடை. பக்கத்து மாலைதீவிலும், உல்லாச விடுதிகளில் வெளிநாட்டார் அருந்தினாலும், பயணி தன் பெட்டியில் கொண்டு நுழைய முடியாது. ஆகவே நண்பருக்கென்று ஒரு போத்தலைப் போகும் பெட்டியில் வைப்பவர், வேலையை மட்டுமன்றிச் சுதந்திரத்தையும் இழக்க நேரலாம். தடையுள்ள நாட்டில் ஒளித்துக் காய்ச்சியதைக் குடிப்பதோ அதனினும் கொடிது. 2025 ஆகஸ்டில் குவைத்தில் மெதனோல் கலந்த கள்ள மதுவினால் 23 பேர் உயிரிழந்தார்கள். ஏறக்குறைய 160 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுட் பெரும்பாலோர் நம்மைப்போலவே ஆசிய நாடுகளிலிருந்து பிழைக்கப் போனவர்கள்.

மூன்றாவது, நம் நாட்டின் விதி. சுங்கத் திணைக்களம் பயணியொருவருக்கு அனுமதிக்கும் அளவு காலத்துக்குக் காலம் அறிவிக்கப்படும்; புறப்படுமுன் அதைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். அந்தச் சலுகை சொந்த உபயோகத்துக்கு, வியாபாரத்துக்கன்று. கட்டுநாயக்காவில் வந்திறங்கும் களைத்த முகங்களைப் பார்த்து, "தங்கச்சி, உங்கள் கடவுச்சீட்டைக் கொஞ்சம் தாருங்கள், போத்தல் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், உங்களுக்கு ஒரு தொகை தருகிறோம்" என்று கேட்பவர் இருப்பார்கள். கடவுச்சீட்டு உங்கள் பெயர், உங்கள் நம்பகம். அதைப் பிறர் சரக்குக்கு வாடகைக்கு விடாதீர்கள். உரிமமின்றி மது விற்பது மதுவரிச் சட்டப்படி குற்றம். 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

விதி இவ்வளவே. அளவுக்குட்பட்டுக் கொண்டுவருகிறவரைச் சட்டம் தடுக்காது. அப்படியிருக்க நான் ஏன் இதைப் பேச வேண்டும்?

நான் படித்த மிஷன் பாடசாலையில் கணித ஆசிரியர் ஒருவர், எந்த விஷயமானாலும் கோபப்படுமுன் கணக்குப் போட்டுப் பார்க்கும்படி எங்களைப் பழக்கினார். அந்தப் பழக்கத்தின்படி ஒரு கணக்குப் போடுவோம். போத்தல் ஒன்றின் விலை 25 டொலர் என்றும், டொலர் ஒன்று 300 ரூபா என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு போத்தலுக்கு 15,000 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் 15,000 ரூபா என்பது 11 நாட்பேர்! அட்டைக்கடியும் மழையும் தாங்கி ஒரு தாய் பதினொரு நாள் மலையேறி இறங்கினால் வருவது, ஓர் இரவில், பத்து மணிக்குள் முடிந்துவிடுகிறது.

பாரத்தையும் எண்ணுங்கள். ஒரு லீற்றர்க் கண்ணாடிப் போத்தல் இரண்டு, 3 கிலோவுக்கு மேல் நிறுக்கும். அந்த இடத்தில் 400 கிராம் பால்மாப் பைக்கற்றுகள் ஏழு வைக்கலாம்.

இனி, கணக்கில் அடங்காத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர், டுபாயில் நான்கு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பினார். மதுவை வாயில் வைத்தறியாதவர், வெள்ளிக்கிழமை விரதக்காரர். அவருடைய பெட்டியிலும் இரண்டு போத்தல் இருந்தன. அண்ணன் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அண்ணனின் கூட்டாளிகளும் சொல்லியிருந்தார்கள். அம்மன் கோயில் திருவிழாவுக்கென்று தாய்க்கு எடுத்த சேலையைச் சுற்றி, அதற்குள் ஒன்றை வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது அந்தப் போத்தல் உடைந்திருந்தது. சேலையிலும் பிள்ளையின் புதிய பாடசாலைப் பையிலும் ஒரே விஸ்கி வாடை. பட்டுக்குள் கண்ணாடித் தூள். தாய் சேலையைப் பார்த்துக் கண்கலங்கினார். அந்த அக்காவோ சேலையைப் பார்க்கவில்லை. "அண்ணனுக்கு என்ன சொல்வேன்? ஒன்றுதானே மிச்சம்!" என்று நடுங்கினார்.

சபையோரே, நான்கு வருடம் அந்நிய வீட்டில் அடங்கி நடந்தவர், தம் சொந்த வீட்டு வாசலில் வந்து நின்றும் நடுங்க வேண்டுமா? அவர் கொண்டுவந்தது அன்பளிப்பு என்று யார் சொல்வார்? அன்பளிப்பாயின், உடைந்தபோது கொடுப்பவருக்கு வருத்தம் வரும், பயம் வராது. பயம் வருவது கடன் தவறியவனுக்கே. அந்தப் போத்தல், போகாதவர்கள் போனவர் தலையில் எழுதிவைத்த கடன்! நான் இன்று சொல்ல விரும்பும் ஒரே கருத்து இதுதான். போத்தலைக் கொண்டுவருகிறவர் அவர் அல்லர். கேட்கிற நாமே கொண்டுவருகிறோம்.

அதற்குப் பின் நடப்பதும் நமக்குத் தெரியும். வெளிநாட்டுப் போத்தல் ஒன்று ஆறு பேருக்கு அரைமணி நேரம் காணாது. அது முடிந்ததும், எழுந்த ஆசை கசிப்பைத் தேடிப் போகிறது. வந்தவர் முதலிரவைத் தாயோடு பேசிக் கழிக்க வேண்டியிருக்க, லயத்தின் கோடியில் கேட்கும் சச்சரவைத் தீர்ப்பதில் கழிக்கிறார். மறுநாள் வெறும் போத்தல் மட்டும் கண்ணாடி அலுமாரியில் பிளாஸ்டிக் பூவோடு வீற்றிருக்கிறது, நம் வீட்டார் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதற்குச் சாட்சியாக!

மதுவை எதிர்த்துப் பேசுவது இந்நாட்டுக்குப் புதியதன்று. தவறணைகளால் அரசாங்கம் வருமானம் தேடிய காலத்தில், 1904 லும் மீண்டும் 1912 லும் மதுவொழிப்பு இயக்கம் ஊரூராய்ப் பரவியது. எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க போன்றோர் அதில் முன்னின்றார்கள். 1915 கலவரத்தின்போது அவ்வியக்கத் தலைவர் பலரைப் பிரித்தானிய அரசு சிறையிலிட்டது. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள், தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் குடியை விடும்படி கேட்டுக்கொண்டார். அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே, திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்து வைத்தார். அன்றைய பெரியோர் எதிர்த்த மது, தோட்டத்து எல்லையில் இருந்த தவறணையில் விற்றது. அதற்கு எதிரே கூட்டம் போடலாம். மூடச் சொல்லி மனுக் கொடுக்கலாம். இன்றைய போத்தலோ, நம் சகோதரியின் பெட்டியிலே, அவளுடைய சேலைக்குள்ளே வருகிறது. அதற்கு எதிரே யாரிடம் மனுக் கொடுப்பது? நம்மிடமே கொடுத்துக்கொள்ள வேண்டும்.

"தம்பி, வருடத்துக்கு ஒரு முறை வருகிற ஒரு போத்தலுக்கா இவ்வளவு பேச்சு? துரைமார் கிளப்பில் குடிக்கவில்லையா?" என்று பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். கேள்வி நியாயமானதே. நாள் முழுதும் மழையில் நனைந்து உழைத்த உடம்பு ஆறுதல் தேடுகிறது என்பதை லயத்தில் பிறந்த நான் அறியேனா? குடிப்பவரை இழித்துப் பேச இங்கு வரவில்லை. தம் உழைப்பில் தாம் வாங்கிக் குடிப்பவரோடு நான் வழக்காடுவது இன்னொரு நாளைக்கு ஆகட்டும். இன்று நான் கேட்பது அதனினும் சிறியது: பிறர் வியர்வையில் நமக்கு விருந்து கேட்கலாமா? குடிக்காத ஒருத்தியைக் கொண்டு குடியைச் சுமப்பிக்கலாமா? துரைமார் தம் தங்கையரை அந்நிய வீட்டு வேலைக்கு அனுப்பி அந்தப் பணத்தில் கிளப்புக்குப் போகவில்லை என்பதையும் அந்தப் பெரியவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறை சொல்வது எளிது. வழி சொல்வது கடமை. ஆகவே சங்கத்தின் முன் மூன்று சிறு யோசனைகளைப் பணிவுடன் வைக்கிறேன்.

ஒன்று: வெளிநாட்டில் இருப்பவர் திரும்பும் நாள் தெரிந்தவுடன், வீட்டிலுள்ள ஓர் ஆண்மகன் தொலைபேசியில் தாமாகவே, "போத்தல் ஒன்றும் வேண்டாம், நீ சுகமாக வந்து சேர்ந்தால் போதும்" என்று சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை, வருகிறவருக்கு இல்லை. அவர் சொன்னால் கஞ்சர் என்பார்கள். அது கேட்கிறவருக்கே உண்டு. தகப்பனாரோ தமையனாரோ சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்கு விதிப் புத்தகத்தைவிடப் பலம் அதிகம்.

இரண்டு: திரும்பி வந்தவரைச் சங்கம் வரவேற்க வேண்டும். வந்த வாரத்து வெள்ளிக்கிழமைப் பூசையில் அவர் பெயருக்கு ஓர் அருச்சனை. பின்பு மண்டபத்தில் தேநீர். அவர் கண்ட நாட்டைப்பற்றி இளைஞருக்குப் பத்து நிமிடம் பேசச் சொல்லுதல். இன்று போத்தல் வாங்கித் தருகின்ற மதிப்பை, நாளை சங்கம் போத்தலின்றியே தரட்டும். மனிதன் மதிப்பைத் தேடுகிறவன். நல்ல வழியில் கிடைத்தால் கெட்ட வழியைத் தேடமாட்டான்.

மூன்று: புறப்படுகிறவருக்கு ஒரு மாலை வகுப்பு. பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது. எந்த நாட்டில் எது குற்றம். பிறர் கொடுக்கும் பொதியை ஏன் திறந்து பாராமல் ஏற்கக் கூடாது. கடவுச்சீட்டை ஏன் யாரிடமும் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்வது எப்படி என்பவற்றைச் சொல்லிக்கொடுக்க, படித்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். நானும் விடுமுறையில் வந்து அவ்வகுப்பில் உதவ ஆயத்தமாயிருக்கிறேன்.

பெரியோர்களே, இவற்றுக்குச் சங்கத்தின் பணம் அதிகம் வேண்டியதில்லை. உங்கள் ஒரு சொல் வேண்டும். நீங்கள் எங்களுக்கு முன்னே "வேண்டாம்" என்று சொன்னால், உங்களுக்குப் பின்னே சொல்ல எங்களுக்குக் கூச்சமிராது. இளைஞர்களே, அடுத்த பெட்டி எப்பொழுது வரும் என்று காத்திருக்கும் நம் கண்கள், பெட்டியைத் தூக்கி வருபவரின் முகத்தை முதலில் பார்க்கப் பழகட்டும். அந்த முகத்தில் நான்கு வருடத்துச் செய்தி இருக்கிறது. அதைக் கேட்க ஓர் இரவு போதாது.